3.26 எங்கிருந்து வந்தது?

தில்லியில் இயங்கும் என்.சி.இ.ஆர்.டி., கொரோனாவுக்குப் பிந்தைய பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 2022-இல் பாடநூல்களில் கத்தரி வைத்தது. முகலாயர் வரலாறும் டார்வினும் போனதற்கு எழுந்த கூச்சல் நாடறிந்தது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் நீளத்தை அளப்பது பற்றிய பகுதியும் அப்போதுதான் போனது. அது அதிகம் பேசப்படவில்லை. விண்மீன்களின் தொலைவை மனிதர் எப்படி அளக்கிறார்கள் என்பது அந்தப் பக்கங்களில்தான் இருந்தது.

ஒரு பார்செக் என்றால் 3.26 ஒளியாண்டு. இதை மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும். ஆனால், இந்த எண் வந்த வழி தெரியாத மாணவருக்கு அலகு மாற்றம் வெறும் பெருக்கல் கணக்கு.

வழி ஒன்றும் கடினமல்ல. பூமி சூரியனைச் சுற்றுவதால் அருகிலுள்ள விண்மீன் ஆறு மாத இடைவெளியில் சற்றே இடம் மாறித் தெரியும். அந்தக் கோண மாற்றத்தில் பாதிதான் இடமாறு தோற்றக் கோணம். அது ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு என்றால், விண்மீன் இருக்கும் தொலைவு ஒரு பார்செக். சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தைப் போல 2,06,265 மடங்கு; ஒளி அதைக் கடக்க 3.26 ஆண்டு ஆகும். கோணம் பாதியானால் தொலைவு இரட்டிப்பு. ஆல்பா சென்டாரி என்னும் விண்மீனுக்கு அந்தக் கோணம் சுமார் 0.75 விகலை, ஒன்றை அதனால் வகுத்தால் 1.33 பார்செக், 3.26-ஆல் பெருக்கினால் 4.3 ஒளியாண்டுக்குச் சற்று மேல். கால்குலேட்டர்கூட வேண்டாம்.

ஒரு விகலை எவ்வளவு சிறியது என்று தில்லியிலேயே காட்டலாம். 1724-இல் இரண்டாம் ஜெய்சிங் கட்டிய வானாய்வுக் கூடமான ஜந்தர் மந்தரிலிருந்து இந்தியா கேட் நேர்கோட்டில் சுமார் இரண்டு கிலோமீட்டர். அங்கே ஒருவர் நீட்டும் சுண்டுவிரல் நுனியின் அகலம் இங்கிருந்து ஏறத்தாழ ஒரு விகலை. வெறுங்கண் பிரித்தறிவதோ 60 விகலை அளவுக்குத்தான். அந்த மாபெரும் செங்கல் கருவிகள் விண்மீனின் திசையைச் சொல்லும், தொலைவைச் சொல்லா என்பதை அங்கேயே நின்று விளக்கிவிடலாம்.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு சுவையும் உண்டு. ஆல்பா சென்டாரி ஒன்றல்ல, இரட்டை விண்மீன் என்று 1689 டிசம்பரில் தொலைநோக்கியில் கண்டவர் பாண்டிச்சேரியிலிருந்த ஏசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ. வால்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சிக்கியது அது. அதன் தொலைவைச் சொல்ல மேலும் 150 ஆண்டுகள் ஆயின: நன்னம்பிக்கை முனையில் எடுத்த அளவுகளைக் கொண்டு தாமஸ் ஹெண்டர்சன் 1839-இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வானியலாளர் பெஸ்ஸல், முதல் விண்மீன் தொலைவை அறிவித்திருந்தார். தில்லியில் ஆல்பா சென்டாரி அடிவானத்தோடு ஒட்டிவிடும், கண்ணில் படாது. கன்னியாகுமரியிலோ மே மாத இரவுகளில் தெற்கே 20 பாகைக்கு மேல் ஏறுகிறது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு மாணவர் இடமாறு தோற்ற முறையைப் படிக்கிறார். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளோ சி.பி.எஸ்.இ. வழியில், என்.சி.இ.ஆர்.டி. நூல்களைக் கொண்டு நடப்பவை, அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளின் பாடநூலில் அது இல்லை.

சுமை குறைய வேண்டும் என்பது நியாயமே. ஆனால் குறைக்க வேண்டியது மனப்பாடத்தை. இங்கே வெட்டுப்பட்டது விளக்கம். 2023-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தின்படி புதிய பாடநூல்கள் எழுதப்பட்டு வருகின்றன. பதினோராம் வகுப்பு இயற்பியலில் இடமாறு தோற்றத்துக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கி, தில்லிப் பள்ளிகளுக்கு ஜந்தர் மந்தரில் ஒரு வகுப்பும் சேர்த்தால், கூடுதல் செலவு பேருந்துக் கட்டணம்தான்.