பத்து மாத முன்பணம்

உடன்குடிப் பனங்காட்டை விட்டுத் தாம்பரம், பல்லாவரம் எனச் சென்னைப் புறநகர்களில் பிழைக்கச் செல்லும் நம் பிள்ளைகளிடம், 'அட்வான்ஸ்' என்று பத்து மாத வாடகை கேட்கப்படுகிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாக வகுத்தது. ஆயினும், மாறாக உடன்பாடு செய்துகொள்ளவும் இடம் வைத்தது. தங்க இடமின்றி நிற்பவன் எந்த உடன்பாட்டை மறுக்க இயலும்? வாடகை பாக்கி விழும் என்பர். அதற்கு மூன்று மாதப் பணம் போதாதா? நம்முள்ளும் வீட்டுக்காரர் பலர் உளர். பெத்லகேமில் இடம் மறுக்கப்பட்ட குடும்பத்திற்கு ஆண்டுதோறும் குடில் கட்டும் நாம், வாசலில் நிற்கும் குடும்பத்திடம் முதலில் சாதியையும், பிறகு பத்து மாதப் பணத்தையும் கேட்கலாமா? சாதி கேளோம், மூன்று மாதத்திற்கு மேல் வாங்கோம் என உறுதி கொண்டபின் குடில் கட்டுவோம்.