கைகாட்டி பொய் சொல்லலாகாது

மாதிரி ரயில் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் பொம்மை வண்டிதான். பிள்ளைகளின் விளையாட்டு, அல்லது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். பெரிய காஞ்சிபுரத்தில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில், மீட்டர்கேஜ் காலத்து ரயில் நிலையம் ஒன்றை மேசைமேல் கட்ட முனைந்த பிறகே அந்த எண்ணம் தவறென்று விளங்கியது.

காஞ்சிபுரத்துக்கு வாய்த்த ரயில் வரலாறு சிறியதன்று. 1862இல் அமைக்கப்பட்ட இந்தியன் டிராம்வே கம்பெனி, 1865இல் அரக்கோணத்திலிருந்து நம் ஊருக்கு 19 மைல் நீளப் பாதையைத் திறந்தது. அதன் அகலம் 3 அடி 6 அங்குலம். அக்கம்பெனியே பின்னர் கர்நாடிக் ரயில்வே எனப் பெயர் பெற்று, 1874இல் தென்னிந்திய ரயில்வேயில் கலந்தது. 1878இல் பாதை மீட்டர்கேஜ் ஆயிற்று. இன்று ஓடுவது அகலப்பாதை. மூன்று அகலங்களைக் கண்ட ஊர் நம்முடையது. கோயில்களுக்குத் தலபுராணம் வைத்திருக்கும் நாம், இதைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதி வைத்தோமா?

87இல் ஒரு பங்கு என்ற அளவை நாங்கள் தேர்ந்தோம். அவ்வளவில் மீட்டர்கேஜ் பதினொன்றரை மில்லிமீட்டராகிறது. 1865ஆம் ஆண்டுப் பாதையோ பன்னிரண்டேகால் மில்லிமீட்டர். கடைகளில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இரண்டுக்கும் ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. ஆனால் 19 மைலையும் அவ்வளவில் கட்ட 350 மீட்டர் இடம் வேண்டும். மாடியின் நீளம் ஆறு மீட்டர். ஆகவே எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற கேள்வி முதல் நாளே எழுந்தது. மரங்களைக் குறைத்தோம், கட்டடங்களைக் குறைத்தோம். கைகாட்டிகளை மட்டும் குறைப்பதில்லை, அவை உண்மையாகவே இயங்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அதற்குக் காரணம் உண்டு. கட்டடத்தின் உருவத்தை ஒரு புகைப்படம் காப்பாற்றிவிடும். கைகாட்டியின் அறிவைப் புகைப்படம் காப்பாற்றாது. ஊரார் அதற்கு வைத்த பெயரே அழகு: கைகாட்டி மரம். கை கிடையாக நின்றால் ‘நில்’. கீழே சாய்ந்தால் ‘வரலாம்’. கேபினில் ஒருவர் நெம்புகோலை இழுக்க, கப்பிகளின்மேல் ஓடும் கம்பி தொலைவிலுள்ள கையைச் சாய்க்கும். இதில் நுட்பம் இழுப்பதில் இல்லை. கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. கம்பத்தின் அடியிலுள்ள எடை உடனே கீழிறங்கி, கையை மீண்டும் கிடைக்குத் தள்ளிவிடும். பழுதுபட்ட கைகாட்டி ‘நில்’ என்றே சொல்ல வேண்டும். ஐயம் நேர்ந்தால் ஆபத்து என்றே கொள் என்னும் ஓர் அறநெறியை, இரும்பிலும் எடையிலும் எழுதி வைத்திருந்தார்கள்.

எங்கள் முதல் கைகாட்டி அந்த நெறியை மீறியது. பித்தளைத் தகட்டில் 14 மில்லிமீட்டர் நீளத்தில் கையை வெட்டி, சிவப்பு வண்ணமும் வெள்ளைப் பட்டையும் தீட்டி, பாவில் மிஞ்சிய பட்டிழையைக் கம்பியாகக் கட்டினோம். அழகாகச் சாய்ந்தது. ஒரு மாலை இழை அறுந்தது. கை சாய்ந்தபடியே நின்றது. நிலையத்தில் ஏற்கெனவே ஒரு வண்டி நிற்க, வெளியே வந்த வண்டிக்கு எங்கள் கைகாட்டி ‘வரலாம்’ என்று பொய் சொன்னது.

காரணம் பிறகு புரிந்தது. நீளம் 87இல் ஒரு பங்காகும்போது எடை ஆறரை லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அச்சின் உராய்வு அவ்வாறு குறைவதில்லை. உருவத்தை அளவெடுத்துச் சுருக்கலாம், இயற்கை விதியைச் சுருக்க முடியாது.

வழி சொன்னவர் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர். வேறு வேலையாக வந்தவர், மேசையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இழை மேலதான் சார் தூக்கும். கீழ கொண்டாரதுக்கு எடைதான் வேணும்” என்றார். ஜக்கார்டு தறியில் ஒவ்வொரு கயிற்றின் அடியிலும் சிறு எடைக்கம்பி தொங்குகிறது. அட்டையின் துளை சொல்கிறபடி கயிறு மேலே எழும். வேலை முடிந்ததும் எடை அதைக் கீழிறக்கும். அதே முறையில், கம்பத்தினுள் செல்லும் மெல்லிய கம்பியின் நுனியில், பலகைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஈயத்துண்டைத் தொங்கவிட்டோம். இப்போது இழை அந்த ஈயத்தைத் தூக்கினால் கை சாய்கிறது. இழையை அறுத்துவிட்டால் ஈயம் இறங்க, கை ‘நில்’ என்று எழுகிறது. வருகிறவர்களிடம் இழையை அறுத்துக் காட்டுவதே எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

கடையில் வாங்கினால் என்ன என்று கேட்பார்கள். வாங்கலாம், சிறு மோட்டார் வைத்த அயல்நாட்டுக் கைகாட்டிகள் எங்களுடையதைவிடச் செம்மையாக இயங்கும். ஆனால் அவற்றை வாங்கியிருந்தால் அந்த எடை ஏன் இருக்கிறது என்ற கேள்வி எங்களுக்கு எழுந்திராது. பழைய காலத்தைப் போற்றிப் பாடுவதும் நம் நோக்கமன்று. மழையிலும் இருளிலும் கம்பத்தில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கைத் திருத்தியவரின் உழைப்பு கடுமையானது. இன்றைய வண்ணவிளக்குகள் அந்தத் துன்பத்தைப் போக்கின. போனது போகட்டும், அதனுள் இருந்த அறிவும் உடன் போக வேண்டுமா என்பதே நம் கேள்வி.

பிற இடங்களில் இக்கேள்விக்கு விடை கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்து வந்த ராய் இங்கிலாந்து என்பவர், கூரை வேய்ந்த பழைய கிராம வீடுகள் உருமாறி அழிவதைக் கண்டு, அவற்றை அளந்து 76இல் ஒரு பங்காகச் செய்யத் தொடங்கினார். அம்முயற்சி 1954இல் பெண்டன் அருங்காட்சியகமாயிற்று. புனேயில் பாவ் ஜோஷி உருவாக்கிய சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் 1998 ஏப்ரல் 1 அன்று மக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டுமே தனிமனிதரின் பிடிவாதத்தில் பிறந்தவை.

நம் ஊரில் அதற்கான கைகள் இன்னும் இருக்கின்றன. நெம்புகோலை இழுத்துப் பழகிய ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களும், எடையும் இழையும் அறிந்த நெசவாளர்களும் சில தெருக்கள் தள்ளித்தான் வாழ்கிறார்கள். ஆனால் இருவரும் முதுமை அடைந்து வருகிறார்கள். ஒரு கல்லூரியோ நூலகமோ ஓர் அறையை ஒதுக்கினால், அவர்களை உட்காரவைத்துக் கேட்டு, மாணவர் கையால் அந்த நிலையத்தை முழுமையாகக் கட்டிவிடலாம். ஓலைச்சுவடியைத் தேடி அலைந்தவர்களை நாம் வணங்குகிறோம். ஏட்டில் ஏறாத சுவடிகள் சிலரின் உள்ளங்கையில் இருக்கின்றன. அவற்றைப் படியெடுக்கவும் காலம் உண்டு, அது நீண்ட காலமன்று.

எங்கள் மேசையில் இப்போது நான்கு கைகாட்டிகள் நிற்கின்றன. நான்கும் உண்மை பேசுகின்றன. ஐந்தாவதற்குப் பித்தளை வெட்டியாயிற்று.