ஓரமாப் போ!

“யோவ்... ஓரமாப் போய்யா!”

கார்க் கண்ணாடியை இறக்கி, இதைச் சொல்வதற்கென்றே வேகத்தைக் குறைத்து, சொன்ன அடுத்த நொடி பறந்துவிட்டார் அந்தப் புண்ணியவான். இடம்: பாளையங்கோட்டை தாண்டி திருச்செந்தூர் ரோடு. நேரம்: காலை ஏழரை. என் வாகனம்: 28 இஞ்ச் டபுள் பார் சைக்கிள். என்னைவிட இரண்டு வயது மூத்தது.

குனிந்து பார்த்தேன். ஓரம் என்று அவர் சொன்ன இடத்தில் தார் முடிந்து நாலு விரல் பள்ளம். அதைத் தாண்டி ஜல்லி. ஜல்லியைத் தாண்டி முள். ஓரமாகப் போகச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கலாம். ஆனால், ஓரம் எங்கே ஐயா இருக்கிறது?

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். தாமிரபரணி கூடவே பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் கடல் வரை சைக்கிளில் போக வேண்டும் என்பது பி.காம். படிக்கிற காலத்து ஆசை. நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு ஆனி மாதம்தான் நேரம் வாய்த்தது. நண்பர் ஒருவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஹெல்மெட், கையுறை சகிதம் சைக்கிள் மிதிப்பவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கியர் இல்லாத வண்டியிலயா? லாங் போறதுன்னா குறைஞ்சது ஒரு 60,000 ரூபா வண்டி வேணும் சார்!”

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வியர்வை சிந்தச் செலவு செய்கிறார், நல்ல விஷயம்தான். மலை ஏறுவதென்றால் கியர் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ஊர் சுற்றும் ஆசைக்கே 60,000 ரூபாய் நுழைவுக் கட்டணம் என்று எழுதி ஒட்டுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

1923-ல் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். மூன்று பேர் முழுதும் சுற்றி முடித்து 1928-ல் ஊர் திரும்பினார்கள். 1963-ல் அயர்லாந்திலிருந்து டெல்லிக்கு சைக்கிளில் வந்த டெர்வ்லா மர்ஃபி, இருந்த கியரையும் கழற்றிவிட்டுத்தான் கிளம்பினார். வழியில் கெட்டுப்போனால் யார் ரிப்பேர் செய்வது என்ற கவலை. 1977-ல் ஒடிசாக்காரரான பிரத்யும்ன குமார் மஹாநந்தியா, காதலியைத் தேடி டெல்லியிலிருந்து ஸ்வீடனுக்குப் புறப்பட்டதும் பழைய ராலே சைக்கிள் ஒன்றில்தான். போய்ச் சேர்ந்தார், கல்யாணமும் ஆயிற்று!

நான் அப்பாவின் சைக்கிளை எங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் ஓவராயிலுக்கு விட்டேன். இரண்டு டயர், டியூப், பிரேக் கட்டை, கூலி எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய். கடைக்காரர் சீட்டில் ஒரு தட்டுத் தட்டிச் சொன்னார்: “அண்ணாச்சி, இது யானைல்லா! டயரு புதுசு. பைய மிதிங்க. வழியில என்ன ஆனாலும் எந்த ஊர்லயும் சரி பண்ணிருவான்.”

எங்கள் பி.காம். பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. வருஷா வருஷம் சொத்தின் மதிப்பை எழுதிக் குறைத்துக்கொண்டே வருவோம். அந்தக் கணக்குப்படி அப்பாவின் சைக்கிள் எப்போதோ பூஜ்யமாகிவிட்டது. அந்தப் பூஜ்யம்தான் இரண்டு நாளில் என்னை 110 கிலோமீட்டருக்கு மேல் சுமந்தது. ஒரே ஒரு பஞ்சர்.

பாபநாசம் வரை லோடு ஆட்டோவில் ஏற்றிப் போனேன். அங்கிருந்து ஆறு போகும் திசையில்தான் வழி. ஆறு இறங்குகிறது, ரோடும் கூடவே இறங்குகிறது. போதாததற்கு ஆனிக் காற்று மேற்கேயிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. கியர் எதற்கு? அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை. அங்கங்கே கன்னடியன் கால்வாய் எட்டிப் பார்க்கும். காரில் நூறு தடவை போன பாதைதான். ஆனால், வயலில் தண்ணீர் பாயும் சத்தம் இந்த ரோட்டில் கேட்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வழியில் டீக்கடையில் ஒரு பிளஸ் டூ பையன். என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். “உனக்கு கவர்மென்ட் சைக்கிள் வந்திருக்குமே தம்பி, ஓட்டலியா?” என்று கேட்டேன். “வீட்டுல நிக்கு சார். அம்மா ரோட்டுல விடமாட்டா. லாரி வரும்னு பயம். பஸ்லதான் போறேன்.”

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் அரசாங்கம் 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கென்று திட்டம் விரிந்தது. லட்சக்கணக்கான சைக்கிள்கள். நாட்டுக்கே முன்மாதிரி, சந்தேகமில்லை. அதற்கும் முன்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது ஒரு மாவட்டமே தலைநிமிர்ந்தது. இவ்வளவும் செய்த நாம் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். சைக்கிளைக் கொடுத்தோம், அது ஓடுவதற்கு ரோட்டில் மூன்றடி கொடுக்கவில்லை. செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, தெருவில் கால் வைக்காதே என்பதுபோல!

வரிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சைக்கிளுக்கு 12 சதவீதம் போட்டார்கள். 2019 ஆகஸ்டில் மின்சாரக் காருக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். சைக்கிளுக்கு அந்த 5 எப்போது வந்தது தெரியுமா? 2025 செப்டம்பரில்! ஆறு வருஷம், லட்சக்கணக்கில் விலையுள்ள காரைவிட பால்காரர் சைக்கிளுக்கு வரி சதவீதம் அதிகம். சுற்றுச்சூழலுக்காகக் குறைத்தார்களாம். சைக்கிள் என்ன புகையா விட்டது?

“இப்பல்லாம் யார் சார் சைக்கிள்ல போறா? அவங்களுக்கு எதுக்குத் தனி வழி?” என்று கேட்பீர்கள். கடையைத் திறக்காமலே வியாபாரம் இல்லை என்று கணக்கு எழுதுகிற புத்தி இது. அந்தப் பையனின் அம்மாவிடம் கேளுங்கள், யார் போவார்கள் என்று சொல்வார்.

இத்தனைக்கும் இது நெல்லை! தாமிரபரணிப் பாலத்துக்குச் சுங்கம் வசூலிக்கும் பேச்சு வந்தபோது, ஏழைபாழைகள் காசு கொடுத்தா கடப்பார்கள் என்று தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-ல் பாலம் வரச் செய்தவர் சுலோச்சன முதலியார். ஜங்ஷன் பக்கம் 1973-ல் ஈரடுக்குப் பாலம் கட்டினோம். பெரிய வண்டிக்கு மேல்தட்டு, சின்ன வண்டிக்குக் கீழ்த்தட்டு. சின்ன வண்டிக்காரனும் மனுஷன்தான் என்று அன்றைக்கே யோசித்த ஊர். இன்றைக்கு நெல்லை - தென்காசி சாலையை நாலு வழியாக்க ஓரத்து மரங்களை வெட்டினோம். நிழல் போனது. அந்த நிழலில் போனவனுக்கு என்ன கொடுத்தோம்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தாருக்கும் மண்ணுக்கும் நடுவே பள்ளம் இல்லாமல் ஒரு மீட்டர். கால்வாய்க் கரைகளில் மழைக்கும் தாங்குகிற மண்பாதை. திருச்செந்தூர் ரயிலில் சைக்கிளைச் சிரமமில்லாமல் ஏற்ற ஒரு வழி. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை இதைச் செய்தால், பிளஸ் ஒன் பையனும் பெண்ணும் அரசு கொடுத்த அதே சைக்கிளில் தங்கள் ஆற்றை முழுசாகப் பார்த்துவிடலாம். 60,000 ரூபாய் வேண்டாம்.

இரண்டாம் நாள் ஸ்ரீவைகுண்டம் அணை, ஏரல், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் தாண்டி, மாலை புன்னைக்காயலில் சைக்கிளைச் சாய்த்து வைத்தேன். ஆறு அவசரமே இல்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மலையிலிருந்து இங்கே வரை அதற்கு இரண்டு பக்கமும் கரை இருக்கிறது.

கார்க்கார அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி ஓரமாகவே போகிறேன். முதலில் ஓரம் ஒன்று போடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்!