பொலிகிடாயும் ஆடி மாதமும்

செம்மறி மந்தையில் சினைப்பிடிப்புக் குறைந்தால் மந்தைக்காரர் முதலிற் பழிப்பது பெட்டைகளை, அடுத்தபடி மேய்ச்சலை, அதற்கும் அடுத்தபடி கண்ணேறு பட்டதென்று எலுமிச்சம்பழம் அறுத்துப் போடுவர். கிடாயைப் பிடித்துச் சோதித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. பல மந்தைகளில் குற்றம் அங்கேதான் இருக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

ஒரு பெட்டை மலடானால் நஷ்டம் ஒரு குட்டி. ஒரு கிடாய் பழுதானால் அதை நம்பியிருக்கும் 25 அல்லது 30 பெட்டைகளும் வெறுமனே நிற்கும். இது தெரிந்தும், ஆடித் திருவிழா வந்தவுடன் மந்தையிலே நன்கு வளர்ந்து உருண்டு திரண்ட கிடாய்க்கே முதலில் விலை பேசப்படுகிறது. வாங்குவாரில்லாமல் எஞ்சியதே பொலிகிடாயாகிறது. பலியை நிறுத்துங்களென்று நான் சொல்ல வரவில்லை. அவ்விருந்துகளில் நானும் உண்டவனே. இரண்டாந்தரக் கிடாயை விற்று முதல்தரத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஆடியில் இதை வற்புறுத்தக் காரணமுண்டு. குளிர் நாட்டு ஆடுகள் பகற்பொழுது குறையுங் காலத்திலேயே பெரும்பாலும் பருவத்துக்கு வரும். செங்கற்பட்டுப் பகுதியின் சென்னைச் சிவப்பு முதலிய நம் ஆடுகளோ, தீனி கிடைத்தால் எம்மாதத்திலும் வரும். சினைக்காலம் ஏறக்குறைய 5 மாதம். ஆகவே ஆடி, ஆவணியிற் சேர்ந்தவை ஐப்பசி கார்த்திகை அடைமழை ஓய்ந்தபின், மார்கழி தையில், தாய்க்குப் பசும்புல் கிடைக்குங் காலத்தில் ஈனும். நாம் கிடாயை விற்கும் மாதமே அது நமக்கு வேண்டிய மாதம்.

மேலும், விந்து உருவாவதற்கு ஏறக்குறைய 7 வாரம் பிடிக்கும். ஆடிக்குரிய விந்து வைகாசி வெயிலிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. கத்திரியில் நிழலின்றி நின்ற கிடாய் சுறுசுறுப்பாக ஏறலாம், சினைதான் பிடிக்காது. "ஏறுகிறதே ஐயா" என்று என்னிடம் வாதாடினவர் பலர். சித்திரை முதலே கிடாய்க்கு நிழலும் தண்ணீரும் குறைவின்றிக் கொடுக்கவேண்டும். இரண்டு விதைகளையும் கையால் தடவிப் பார்த்து, ஒன்று சிறுத்தோ கட்டிபட்டோ இருந்தால் அக்கிடாயைத் தயங்காமல் கழித்துவிடுக.

பெட்டைகளுக்குப் பருவம் 17 நாளைக்கொருமுறை வரும். ஒன்று ஒன்றரை நாளே நிற்கும். சேர்ப்பதற்கு 2 அல்லது 3 வாரம் முன்னிருந்து, மெலிந்தவற்றுக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கிராம் கம்போ சோளமோ கொடுத்தால் பலனுண்டு. கொழுத்தவற்றுக்கு வேண்டுவதில்லை.

மந்தையை வாரத்துக்கு விட்டிருக்கும் நிலச்சுவான்தார்களுக்கு ஒரு வார்த்தை. கிடாய் விற்றால் மேய்ப்பவனுக்குக் கையிற் பாதி காசு. வைத்திருந்தால் அவனுக்கு உடனே லாபமில்லை. அப்பாதியை நீங்களே கொடுத்துக் கிடாயை நிறுத்திக்கொள்வதுதான் நியாயம். அதையும் இரண்டாண்டுக்கு மேல் வைத்தால் தன் மகள்களோடேயே சேரும். ஊரில் நான்கு மந்தையிருந்தால் கிடாய்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். கிராம அதிகாரிகள் முன்னின்றால் இது எளிதில் நடக்கும். விலை பேசுகிறவன் ஆனியிலேயே வந்துவிடுகிறான். அவன் வருமுன் பொலிகிடாயைப் பொறுக்கி அடையாளமிட்டு வைக்கவேண்டும்.