சக்கரத்துக்கு அகல வழி போதும்

கலிஃபோர்னியாவின் சான்ட்டா குருஸ் மலைப் பக்கம் இருக்கிறது நிசீன் மார்க்ஸ் காடு. சான் ஹோசேயிலிருந்து 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் மலையைத் தாண்டி, ஆப்டோஸ் என்ற சிற்றூருக்கு வந்தால் அதன் வாசல். வார இறுதியில் கடற்கரைக்குக் கார் எடுக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேர் இந்த வாசலைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள். இதன் அருமையைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

காட்டின் நடுவே ஓடுகிறது ஆப்டோஸ் ஓடை. அதை ஒட்டியே தீயணைப்பு வண்டிகளுக்கான ஓர் அகல மண்சாலை. மவுண்டன் பைக்கில் போனால் முதலில் பெரிய ஏற்றமே தெரியாது. காரணம், இது பழைய ரயில் பாதையின் தடம். 1883 முதல் 1923 வரை நாற்பது ஆண்டுகள் இங்கே மரம் வெட்டினார்கள். வெட்டிய மரத்தை இறக்க, ஓடைப் பள்ளத்தாக்கு வழியாகவே தண்டவாளம் போட்டார்கள். வானளாவிய ரெட்வுட் மரங்கள் வீடுகளாகவும் வேலிகளாகவும் போயின. வெட்டத் தகுந்தது தீர்ந்ததும் ஆலையை மூடிவிட்டுக் கிளம்பினார்கள்.

பாதையோரம் நின்று ஓர் அடிமரத்தைப் பாருங்கள். நாலைந்து பேர் கைகோர்த்தால்தான் சுற்றி வளைக்க முடியும். கரிந்து, பாசி படிந்து கிடக்கும். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே அதன் பக்கவாட்டில் வாய் பிளந்ததுபோல் ஒரு வெட்டுக்குழி இருக்கும். அதில் பலகையைச் செருகி, அதன்மேல் நின்றுதான் ரம்பம் இழுத்தார்கள். அந்த அடிமரத்தைச் சுற்றி, வாழையைச் சுற்றிக் கன்று கிளம்புவதுபோல, வட்டமாக இளைய ரெட்வுட்கள் நிற்கின்றன. வெட்டுண்ட மரத்தின் அடியிலிருந்தே மறுபடி துளிர்க்கும் ஊசியிலை மரங்கள் உலகில் சொற்பம். ரெட்வுட் அவற்றில் ஒன்று. இன்று நாம் அனுபவிக்கும் நிழலில் பெரும்பகுதி இந்த இரண்டாம் தலைமுறையின் நிழல்.

காடு எப்படிப் பொதுச்சொத்தானது என்பதும் தெரிய வேண்டிய கதை. டென்மார்க்கிலிருந்து குடியேறிய நிசீன் மார்க்ஸின் குடும்பம் சலினாஸில் விவசாயம் பார்த்தது. எண்ணெய் கிடைக்கும் என்று நம்பி இந்த நிலத்தை வாங்கித் தோண்டிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. 1963-இல் நிசீனின் பிள்ளைகள் ஹெர்மன், ஆக்னஸ், ஆண்ட்ரூ மூவரும் அம்மாவின் நினைவாக ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை மாநில அரசுக்குக் கொடுத்துவிட்டார்கள். நிலத்தை விற்றுக் காசாக்கியிருக்கலாம். அதைச் செய்யாத அந்த மூவருக்கும் நான் மனதாரக் கடன்பட்டிருக்கிறேன்.

வழியில் ஒரு பலகை வரும். 1989 அக்டோபர் 17 மாலை 5.04-க்கு சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தை உலுக்கி, 63 உயிர்களைப் பறித்த 6.9 அளவு லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தின் மையம் இந்தக் காட்டுக்குள்தான். பிளவோ பள்ளமோ தேடாதீர்கள், அந்த இடத்திலும் மரங்களும் பெரணியும்தான். அதற்கப்பால் மண்சாலை கடுமையாக ஏறும். மூச்சிரைக்க மேலே போனால் சாண்ட் பாயின்ட்டில் மரங்கள் விலகி, மான்டரே விரிகுடா பக்கம் பார்வை திறக்கும்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். ஓடைமேல் உள்ள இரும்புப் பாலத்தைத் தாண்டினால் சைக்கிளுக்கு அந்த அகல மண்சாலை மட்டும்தான். ஒற்றையடிப் பாதைகள் நடப்பவர்களுக்கே. சைக்கிள்காரர்கள் பலர் இதில் குறைப்படுகிறார்கள். நானும் சைக்கிள் மிதிப்பவன்தான், ஆனாலும் இந்த விதி சரி என்பேன்.

ரெட்வுட்டின் வேர் 6 முதல் 12 அடி ஆழம்தான் போகும். பக்கவாட்டில் 100 அடிவரை பரவும். எனவே பாதையை விட்டு விலகி மிதிக்கும் இடமெல்லாம் வேர்மேல்தான் மிதிக்கிறோம். இறக்கத்தில் பின் பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தைத் தேய்த்தால் மண்ணில் ஒரு கோடு விழும். அடுத்த மழையில் அது வாய்க்காலாகி, மண்ணை அரித்து நேரே ஓடையில் சேர்க்கும். அந்த ஓடைக்குத்தான் ஸ்டீல்ஹெட் மீன் கடலிலிருந்து ஏறி வந்து, கூழாங்கற்களை வாலால் விலக்கிக் குழி செய்து முட்டையிடுகிறது. கல் இடுக்குகளில் ஓடும் நீர்தான் முட்டைக்கு மூச்சு. நுண்ணிய மண் அந்த இடுக்குகளை அடைத்தால் முட்டை மூச்சுத் திணறிச் சாகும்.

மனிதர் பாடும் இருக்கிறது. ஊரிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த ஓர் அம்மா, சரேலென்று இறங்கிவந்த சைக்கிளுக்குப் பயந்து ஓரத்துப் புதரில் ஒதுங்கி நின்றார். “ஏம்ப்பா, நான் ஒதுங்கணுமா, அவன் நிக்கணுமா?” என்று என்னைக் கேட்டார். அவன்தான் நிற்க வேண்டும் அம்மா. நடப்பவருக்குச் சைக்கிள் வழிவிட வேண்டும். குதிரைக்கு இருவரும் வழிவிட வேண்டும். ஏறி வருபவருக்காக இறங்குபவர் நிற்க வேண்டும். அமெரிக்கக் காட்டுப்பாதைகளில் பரவலாக உள்ள வழக்கம் இது. அகல மண்சாலைக்கும் இது பொருந்தும்.

ஆகவே கோடையில், வெயில் ஏறுமுன் போங்கள். சைக்கிளில் மணி இருக்கட்டும், வளைவில் வேகம் வேண்டாம். ஒற்றையடிப் பாதை பிரியும் இடத்தில் இறங்கிப் பூட்டிவிட்டு நடந்து பாருங்கள். பெருமழை பெய்த வாரத்தில் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள், மண் காயட்டும். ஸ்டீல்ஹெட் முட்டையிட ஓடையேறுவதும் அந்த மழைக்காலத்தில்தான்.