அடித்தவரே சொல்லட்டும்

பூல் மேசையில் வெள்ளைப் பந்துக்கு முன்னால் இரண்டு பந்துகள் நெருங்கி நிற்கின்றன. ஒன்று ஆடுபவர் முதலில் தொட வேண்டிய பந்து, மற்றது முதலில் தொடக் கூடாத பந்து. கியூ நீள்கிறது, ஒரே ஒரு சத்தம் கேட்கிறது, மூன்று பந்துகளும் மூன்று பக்கம் ஓடுகின்றன. ஒன்று பொக்கட்டுக்குள் விழுகிறது. ஃபவுல் என்கிறார் கதிரையில் இருந்த எதிராளி. இல்லவே இல்லை என்கிறார் அடித்தவர். பக்கத்தில் நடுவர் இல்லை. சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிகிறார்கள்.

அந்தக் கணத்தில் யார் முதலில் வாய் திறக்க வேண்டும்? நம் ஊர்ச் சுற்றுப்போட்டிகள் பெரும்பாலானவற்றில் இதற்கு எழுத்தில் ஒரு பதிலும் கிடையாது. கண்டி நகரத்து பூல் மேசையானாலும் ஹுன்னஸ்கிரிய மலையில் ஒரு சனசமூக நிலையத்துக் கரம் பலகையானாலும், தான் செய்த தவறை முதலில் சொல்ல வேண்டியவர் அடித்தவரே. இதை நல்ல குணம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, போட்டி விதியாகவே எழுதி வைக்க வேண்டும் என்பது நமது நிலைப்பாடு.

உலக பூல்–பில்லியர்ட் சங்கத்தின் விதிகள் இந்தச் சிக்கலை அறிந்தே எழுதப்பட்டிருக்கின்றன. சரியான பந்தும் தவறான பந்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடப்பட்டு, எது முதலில் என்று தீர்மானிக்க முடியாமல் போனால், சரியான பந்தே முதலில் பட்டதாகக் கொள்ள வேண்டும். நடந்த ஃபவுலை அடுத்த அடிக்கு முன்னர் ஒருவரும் சுட்டிக்காட்டாவிட்டால், அது நடக்காததாகவே ஆகிவிடும். இரண்டு விதிகளும் அடித்தவர் பக்கம் சாய்கின்றன. சந்தேகத்தின் பலன் அவருக்குக் கிடைக்கிறது. ஆனால் உண்மையிலேயே சந்தேகம் உள்ளவருக்கு மட்டுமே அந்தப் பலன் உரியது. தன் கியூ என்ன செய்தது என்று தெளிவாகத் தெரிந்தவருக்குச் சந்தேகம் ஏது, அதன் பலன் ஏது? தெரிந்துகொண்டே இந்த விதிக்குப் பின்னால் ஒளிபவர் எதிராளியின் ஆட்டத்தைப் பறிக்கிறார்.

இரட்டைத் தொடுகையை எடுத்துக்கொள்வோம். உள்ளூர் ஆட்டங்களில் அதிகம் தகராறு கிளப்புவதும், அதிகம் மறைக்கப்படுவதும் இந்த ஃபவுல்தான். வெள்ளைப் பந்துக்கும் அடிக்க வேண்டிய பந்துக்கும் இடையே ஒரு சோக்குக் கட்டியின் அகலம்கூட இல்லை. நேராக அடித்தால், வெள்ளைப் பந்து முன்பந்தில் மோதி நிற்கப் போகும் நொடியிலேயே கியூவின் நுனி அதை இரண்டாம் முறை தொட்டுவிடும். இதற்கு அடையாளம் உண்டு. ஒரே எடையுள்ள இரண்டு பந்துகள் நேருக்கு நேர் மோதினால், மோதிய பந்து தன் வேகம் முழுவதையும் கொடுத்துவிட்டு ஏறக்குறைய நின்றுவிடும். மேற்சுழற்சி கொடுத்து அடித்திருந்தால் ஒரு கணம் தயங்கி, பிறகு மெல்ல உருளும். தயக்கமே இல்லாமல், முன்பந்தின் வேகத்திலேயே அதன் பின்னால் ஓடினால், நுனி மறுபடி தொட்டிருக்கிறது என்று பழகிய கண் சொல்லிவிடும். ஆனால் பழகிய கண் எல்லா மேசைக்கும் வாய்ப்பதில்லை. கதிரையில் இருக்கும் எதிராளிக்குப் பெரும்பாலும் அடித்தவரின் முதுகும் ஒரு சத்தமும்தான் கிடைக்கும். அடித்தவருக்கோ கியூவின் மரத்தின் வழியாக அந்த இரண்டாவது தட்டல் கைக்கே வந்து சேர்கிறது. எல்லா நேரமும் இல்லாவிட்டாலும் பல நேரங்களில் அவருக்குத் தெரியும். அறிவு யாரிடம் இருக்கிறதோ கடமையும் அவரிடமே இருக்க வேண்டும்.

கைத்தொலைபேசி இருக்கிறதே, வீடியோவைப் பார்த்து முடிவு செய்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண வீடியோ ஒரு விநாடிக்கு 30 படங்களை எடுக்கிறது. விநாடிக்கு மூன்று மீற்றர் வேகத்தில் செல்லும் பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 10 சென்ரிமீற்றர் போய்விடும். பூல் பந்தின் விட்டமே 6 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நாம் தேடும் கணம் இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்துவிடுகிறது. விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்டத்திலும் பந்து ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்திருக்கும். மேலும், பிடிப்பவர் நின்ற கோணத்தைப் பொறுத்து ஒரே அடி ஃபவுலாகவும் தெரியும், சுத்தமான அடியாகவும் தெரியும். ஒருவர் கையிலிருக்கும் திரையைப் பத்துப் பேர் எட்டிப் பார்த்துக் கத்துவதற்குப் பெயர் தீர்ப்பு அல்ல.

கண்டி–மஹியங்கனை வீதியில் தெல்தெனிய தாண்டி மேலே ஏறினால் வரும் ஹுன்னஸ்கிரியவில், நக்கிள்ஸ் மலையடிவாரத் தோட்டங்களில், பிள்ளைகளின் கைக்கு முதலில் வருவது கியூ அல்ல, கரம் ஸ்ட்ரைக்கர்தான். கரமும் இதே குடும்பத்து ஆட்டம். குறிபார்த்து, மோதவிட்டு, குழிக்குள் அனுப்பும் ஆட்டம். இலங்கைக்கு இதில் பெருமையும் உண்டு. 2012இல் கொழும்பில் நடந்த உலகக் கரம் போட்டியில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை நமது நிஷாந்த பெர்னாண்டோ வென்றார். தகராறுகளும் அதே வகைதான். ஸ்ட்ரைக்கர் இரண்டு கோடுகளையும் தொட்டிருந்ததா? சுண்டினாரா, தள்ளினாரா? முழங்கை எல்லையைத் தாண்டியதா? சட்டைக்கை உரசி ஒரு காய் நகர்ந்ததா? பல்பு வெளிச்சத்தில், பவுடர் பூசிய பலகையில், அரை அங்குலம் நகர்ந்த காயை யார் கண்டார்? நகர்த்தியவருக்குத் தெரியும்.

நம் பகுதியில் இதைப் பற்றி எழுத இன்னொரு காரணமும் உண்டு. இங்கே ஒரு பலகையைச் சுற்றித் தமிழும் சிங்களமும் சேர்ந்தே பேசப்படுகின்றன. தோட்டத்துப் பிள்ளை, கிராமத்துப் பிள்ளை, கடைவீதியிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளை என மூவரும் ஒரே சுற்றில் ஆடுகிறார்கள். அது நம் ஊரின் செல்வம். 2018 மார்ச்சில் இதே வீதியோரத்தில், தெல்தெனிய, திகன பகுதிகளில், ஒரு வாகனத் தகராறில் தாக்கப்பட்ட ஒருவர் இறந்தார். அதைச் சாக்காக வைத்து முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனம் செய்ய வேண்டி வந்தது. ஒரு கரம் ஃபவுலை அந்தக் கொடுமையோடு சமன்படுத்த நாம் வரவில்லை. ஆனால் இரண்டு பேருக்கு இடையிலான சின்ன விஷயம், பின்னால் கூட்டம் சேர்ந்ததும் எப்படி இரண்டு இனங்களின் விஷயமாக மாற்றப்படுகிறது என்பதை இந்த மண் கண்ணால் கண்டிருக்கிறது. "ஓம், என் கை பட்டுவிட்டது" என்று ஒருவர் சொன்ன இடத்தில், கூட்டம் கட்சி பிரிவதற்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

நல்ல நடுவரை நியமித்தால் போதாதா என்று கேட்கலாம். நடுவர் கட்டாயம் வேண்டும். ஆனால் நடுவரின் பலம் எவ்வளவு என்பதையும் யோசிக்க வேண்டும். மலைநாட்டில் பில்லியர்ட்ஸ் மேசைகள் முதலில் வந்தது தோட்டத் துரைமார்களின் கிளப்புகளுக்கு. அங்கே புள்ளி எண்ணி, பந்தை எடுத்து வைத்து, ஆட்டத்தைக் கவனிக்க ஓர் உள்ளூர்ப் பணியாளர் இருப்பார். மார்க்கர் என்பார்கள். மேசையை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கிளப்பில் இருந்திருக்க மாட்டார். ஆனால் துரை அடித்த அடியைத் தவறு என்று அறிவிக்க, அந்தத் துரைகளின் கிளப்பில் சம்பளம் வாங்கும் மனிதருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! இன்றும் நம் ஊர்ப் போட்டிகளில் நடுவராக நிற்பவர் பெரும்பாலும் கழகத்தின் இளையவர் ஒருவர். கிண்ணத்துக்குப் பணம் கொடுத்தவரின் மகன் ஆடிக்கொண்டிருப்பார். தலைவரின் மைத்துனர் எதிர்ப்பக்கம் இருப்பார். அந்தப் பிள்ளையின் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, ஆடுகிறவர்கள் "நடுவர் பார்க்கவில்லையே" என்று கைகழுவுவது அநியாயம்.

அந்த மேசைகள் கிளப்புகளின் சுவருக்குள்ளேயே அடைபட்டும் போய்விடவில்லை. 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் எம்.ஜே.எம். லாபிர் பட்டம் வென்றார். உலகச் சம்பியன் என்ற பெயரை இலங்கைக்கு முதன்முதலில் கொண்டுவந்தது கிரிக்கெட் அல்ல, கியூ. அவர் ஆடிய பில்லியர்ட்ஸிலும் அதன் தம்பியான ஸ்னூக்கரிலும் ஒரு வழக்கம் இன்றுவரை நிற்கிறது. நடுவர் கவனிக்காத தொடுகையை ஆடுபவரே அறிவித்துவிட்டு, மேசையை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து அமர்வார். பெரும் பரிசுத் தொகைக்கு ஆடும் தொழில்முறை ஸ்னூக்கர் வீரர்கள் இதைச் செய்வதைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பார்கள். அவர்களை விட நமக்குப் பெரிய பணத்தேவை என்று வாதிடுபவர்களுக்குப் பின்னால் பதில் சொல்கிறோம்.

நடுவரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்டியிலேயே சாட்சி இருக்கிறது. 2001 மார்ச்சில் அஸ்கிரிய மைதானத்தில் இலங்கையும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்ட் போட்டி அது. தரையில் பட்டு எழுந்த பந்தைப் பிடித்ததற்கு சனத் ஜயசூரிய ஆட்டமிழந்ததாக அறிவிக்கப்பட்டார். மறுபக்கத்தில் நாசர் ஹுசைன், மட்டையில் பட்டுப் பிடிபட்ட பந்துகளுக்கும் நடுவரின் விரல் உயராததால் தொடர்ந்து ஆடிச் சதம் அடித்தார். இங்கிலாந்து 3 விக்கெட்டுகளால் வென்றது. பழி முழுவதும் நடுவர்கள் தலையில் விழுந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலையில், தீர்ப்பு மீளாய்வு முறை டெஸ்ட் கிரிக்கெட்டில் முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்க்கப்பட்டதும் இலங்கையில்தான். கிரிக்கெட்டுக்குப் பணம் இருந்தது, கமெராக்கள் வந்தன. நம் கரம் பலகைக்கு அவை வரப்போவதில்லை.

கமெராவும் கேட்காமல், நடுவரும் சொல்லாமல் தீர்ந்த விஷயம் ஒன்றும் நம் கண்முன் நடந்தது. 2003 மார்ச் 18, போர்ட் எலிசபெத், உலகக் கிண்ண அரையிறுதி. அரவிந்த டி சில்வாவின் பந்து அடம் கில்கிறிஸ்ட்டின் மட்டையில் உரசிச் சென்றது. பிடித்தவர் கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த குமார் சங்கக்கார. நடுவர் ஆட்டமிழப்பு இல்லை என்றார். கில்கிறிஸ்ட் தானாக நடந்து வெளியேறினார். அவுஸ்திரேலியா அன்று வென்றது என்பது இங்கே முக்கியமில்லை, தோற்றிருந்தாலும் அவர் செய்தது அதேதான். எதிரணியில் நின்று அதைப் பார்த்தவர்கள் நம்மவர்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம், ஏனென்றால் இதுவே மிகக் கடினமான கேள்வி. நாளொன்றுக்கு 1,000 ரூபா சம்பளம் என்ற கோரிக்கைக்காகத் தோட்டத் தொழிலாளர்கள் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குச் சில ஆயிரம் ரூபாப் பரிசு என்பது ஒரு கிழமைச் சம்பளம். எவரும் காணாத ஒரு தொடுகைக்காக அதை விட்டுக்கொடு என்று சொல்ல, வயிறு நிறைந்தவர்களுக்கு என்ன உரிமை? கேள்வி நியாயமானது. ஆனால் பலகையின் மறுபக்கம் இருப்பது யார்? அதே மாதிரி லயன் அறையிலிருந்து, அதே மாதிரிச் சம்பளத்தில் வாழும் வீட்டிலிருந்து வந்த இன்னொரு பிள்ளை. மறைக்கப்பட்ட ஃபவுலின் விலையை முதலாளி கொடுப்பதில்லை, அந்தப் பிள்ளை கொடுக்கிறது. வறுமையைக் காரணம் காட்டி இதை மன்னித்தால், வறுமையில் உள்ள இன்னொருவரின் பரிசைத்தான் நாம் எடுத்துக் கொடுக்கிறோம்.

ஆகவே, போட்டி நடத்துபவர்களிடம் சில விஷயங்களை உறுதியாகக் கேட்கிறோம். பணப்பரிசு அறிவிக்கும் எந்தச் சுற்றிலும், காலிறுதியிலிருந்தாவது, ஆடும் இரு கழகங்களையும் சேராத ஒருவர் நடுவராக இருக்க வேண்டும். நடுவர் இல்லாத ஆரம்பச் சுற்றுகளில், நெருக்கமான அடி ஒன்று வரப்போகிறது என்று எதிராளிக்குத் தோன்றினால், அடிக்கு முன்பே கையுயர்த்தி ஆட்டத்தை நிறுத்தி, மூன்றாவது ஆள் ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லும் உரிமை அவருக்கு வேண்டும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு, அது போக வேண்டும். முன்கூட்டிக் கேட்பவர் சண்டையைத் தவிர்க்கிறார். கேட்காமல் இருந்துவிட்டு, பந்து விழுந்த பிறகு கத்துபவர்தான் ஆட்டத்தைக் கெடுக்கிறார். பொய்யாக ஃபவுல் கூவி எதிராளியின் கவனத்தைக் குலைப்பவரையும் சேர்த்தே சொல்கிறோம். வெளியே நிற்பவர்கள் தீர்ப்புச் சொன்னால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை மண்டபத்துக்கு வெளியே. பொக்கட்டை முன்கூட்டி அறிவித்து ஆடும் பூல் ஆட்டங்களில், மொழியால் குழப்பம் வராமல் கியூவாலோ விரலாலோ சுட்டிக்காட்டினால் போதும் என்பதையும் அறிவித்துவிடலாம்.

தெரிந்தே மறைத்தார் என்று பின்னர் நிரூபணமானால், அந்த ஆட்டத்தை இழப்பதோடு விடாமல், அந்தச் சுற்றுப்போட்டியிலிருந்தே அவர் விலக்கப்பட வேண்டும். உலக விதிகளில் விளையாட்டு ஒழுங்குக்கு மாறான நடத்தை தனிக் குற்றமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளூரில் நாம் அதைச் சிரித்துக் கடந்துபோகிறோம், "கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டுவதும் உண்டு. பிள்ளைகளுக்குக் கரம் பழக்கும் ஆசிரியர்களும் அண்ணாமாரும் தங்கள் பிள்ளை ஃபவுலை ஒப்புக்கொண்டு தோற்றுவரும் நாளில் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளட்டும். "ஏன்டா சொன்னே?" என்ற ஒரு கேள்வி போதும், அந்தப் பிள்ளை இனி வாய் திறக்காது.

பிரதேச செயலகங்களின் விளையாட்டு உத்தியோகத்தர்களுக்கும், தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தோடு இணைந்த கழகங்களுக்கும் இதில் செலவு எதுவும் இல்லை. தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் அச்சடித்து, போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். சித்திரைப் புத்தாண்டுப் போட்டிகளுக்கான விண்ணப்பப் படிவங்கள் அச்சுக்குப் போகுமுன், பெயர், வயது, கழகம் என்ற வரிகளுக்குக் கீழே இதையும் சேர்த்துவிடுங்கள்: "என் ஆட்டத்தில் நான் அறிந்து நேரும் ஒவ்வொரு ஃபவுலையும், எதிராளியோ நடுவரோ கேட்கும் முன்பே, நானே அறிவிப்பேன்."