தாளின் நெற்றியில் ஓர் எழுத்து

அமெரிக்கத் தரைப்படையின் நடவடிக்கை ஆணையில் இணைப்புகளுக்கு நான்கு படிகள். அனெக்ஸுக்கு ஆங்கில எழுத்து, அதன்கீழ் அப்பெண்டிக்ஸுக்கு எண், டேபுக்கு மறுபடி எழுத்து, எக்ஸிபிட்டுக்கு எண். ‘பி’ என்றால் உளவு, ‘சி’ என்றால் நடவடிக்கை. ‘ஐ’, ‘ஓ’ இரண்டிலும் அனெக்ஸே கிடையாது. ஒன்றாகவும் பூஜ்யமாகவும் கண்ணை ஏய்க்கும் எழுத்துகள், ஒழிந்ததே நல்லது. சிவப்புநாடாக் கிறுக்கு என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு இது பிடிக்கிறது. கட்டிலிருந்து நழுவிய இணைப்பும் எந்த ஆணையைச் சேர்ந்தது, எந்தத் தலைமையகம் அனுப்பியது என்று தன் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. உறுத்துவது வேறொன்று: அறைகள் இத்தனை இருப்பதாலேயே அதிகாரிகள் அவற்றை நிரப்பப் பார்க்கிறார்கள். களத்தில் இருக்கும் கேப்டனுக்குத் தேவையான வரி, அடிப்படை ஆணையில் இல்லாமல் ஏதோ ஒரு டேபுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது.